பக்கத்து பெஞ்சின் கால் பங்கு

(பெங்களூரில் கல்லூரி ஆசிரியர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலைத் தாண்டி நேரத்துக்கு வந்து சேர்ந்தவர்களுக்கு வணக்கம்.

இந்த ஊரில் ஒரு பட்டப்படிப்புக் கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறேன். கம்ப்யூட்டர் படித்தவள் அல்ல. புரொஜெக்டரில் படம் வராவிட்டால் அட்டெண்டரைக் கூப்பிடுகிற ரகம். வகுப்பறைப் பாடத்துக்குத் துணையாக இணையத்தில் குழு விவாதம் நடத்துவது பற்றிப் பேசச் சொன்னபோது தயங்கினேன். "நீங்கள் கோட்டைவிட்டதையும் சேர்த்துச் சொல்லுங்கள்" என்றார்கள். அது நிறைய இருப்பதால் ஒப்புக்கொண்டேன்.

என் வகுப்பில் ஒரு பெண். கோலார் தங்கவயலிலிருந்து வருகிறவள். 2001ல் சுரங்கத்தை மூடிய பிறகு அந்த ஊர் எதை நம்பிப் பிழைக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். காலையில் பெங்களூர் போகும் ரயிலை நம்பித்தான். மாரிகுப்பத்தில் விடியுமுன் ஏறி, சாம்பியன், ஊரிகம், கோரமண்டல் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு, பங்காருப்பேட்டை வழியாக மெஜஸ்டிக் வந்து, அங்கிருந்து கல்லூரி. முதல் பீரியடில் அவள் கண்ணில் தூக்கம் நிற்கும். அட்டெண்டன்ஸுக்கு "எஸ் மேம்" என்பதைத் தவிர ஒரு செமஸ்டர் முழுக்க அவள் குரலை நான் கேட்டதில்லை. மந்தமான பெண் என்று மனசுக்குள் எழுதிவைத்திருந்தேன். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

நாம் கேள்வி கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் காத்திருக்கிறோம்? அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற அறிவியல் கல்வியாளர் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு இதை அளந்து, 1970களில் எழுதினார். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடி அளவுக்குத்தான் காத்திருந்தார்கள். அதற்குள் பதில் வராவிட்டால் வேறு ஆளைக் கேட்டார்கள், அல்லது தாங்களே பதிலைச் சொன்னார்கள். அதை 3 வினாடியாக நீட்டச் சொன்னபோது பதில்கள் நீண்டன; வழக்கமாக வாய் திறக்காதவர்கள் பேசினார்கள்; மாணவர்களே எதிர்க்கேள்வி கேட்டார்கள். இரண்டு வினாடி கூடுதலுக்கே அவ்வளவு பலன். மூன்றாம் மொழியில் யோசித்து, நான்கு பேர் சிரிப்பார்களோ என்று பயந்து, வாக்கியத்தை மனசுக்குள் இரண்டு தடவை ஓட்டிப் பார்க்கிற பிள்ளைக்கு 3 வினாடியும் போதாது. சிலருக்கு ஒரு ரயில் பயணம் வேண்டும்.

இணையக் குழுவின் முதல் பயன் அதுதான் என்று நினைக்கிறேன். கேள்வி அங்கே காத்திருக்கிறது. வேகம், வீடியோ என்று விற்கிறவர்கள் சொல்வதெல்லாம் அப்புறம்.

இரண்டாவது பயனை நன்னூல் சொல்கிறது. எழுத்தும் சொல்லும் படித்துவிட்டுப் பொதுப்பாயிரத்தைப் பலரும் புரட்டிவிடுகிறோம். ஆசிரியர் எப்படி இருக்க வேண்டும், மாணவர் எப்படிக் கேட்க வேண்டும் என்று நூலாசிரியர் பவணந்தி அங்கே ஒரு முழு ஆசிரியர் பயிற்சியே நடத்துகிறார். ஆசான் சொன்னதை ஒரு பிசகில்லாமல் வாங்கிக்கொண்டாலும் கிடைப்பது கால் பங்குதானாம். கூடப் படிப்பவர்களோடு பழகிப் பேசுவதில் இன்னொரு கால். மீதி அரை, தான் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போது வருமாம். நன்னூலை எழுதச் சொன்ன சீயகங்கன், கோலாரைத் தங்கள் பழைய ஊராகச் சொல்லிக்கொண்ட கங்கர் குலத்தவன். நம் தங்கவயல் பெண்ணுக்கு ஒரு வகையில் பக்கத்து ஊர்க்காரன்.

கால் பங்கு என் வேலை. அதற்குத்தான் பல்கலைக்கழக மானியக் குழு உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் என்று கணக்கு வைத்திருக்கிறது. மீதி முக்கால் பங்கு எங்கே நடக்கிறது? ஹாஸ்டல் பையனுக்கு ராத்திரி 11 மணிக்கு, மொட்டை மாடியில். வீட்டுக்கு ஓடுகிற பிள்ளைக்கு எங்கேயும் நடப்பதில்லை. பூஜா சங்கர் என்ற பெண் கான்பூர் ஐஐடியில் கணினி அறிவியல் படித்தபோது இதை அனுபவித்தார். வகுப்பில் பெண்கள் மிகச் சிலர்; பையன்கள் கூடி உட்கார்ந்து கணக்கைப் போட்டு முடிக்க, இவர் கேட்கக் கூச்சப்பட்டுத் தனியாகப் போராடினார். பிற்பாடு ஸ்டான்ஃபோர்டில் மேலாண்மை படிக்கும்போது, 2009ல், பியாஸா என்ற கேள்வி பதில் தளத்தைத் தொடங்கினார். சக மாணவர்களிடம் பெயரை மறைத்துக் கேள்வி கேட்கலாம், மாணவர்களே பதில் எழுதலாம், அந்தப் பதில் சரி என்று ஆசிரியர் ஒப்புக்கொள்ளலாம். இன்று உலகெங்கும் பல்கலைக்கழகங்களில் அது புழங்குகிறது. கான்பூர் வகுப்பறையின் ஒரு கூச்சத்திலிருந்து கிளம்பிய கருவி.

செயற்கைக்கோள் வழிப் பாடம் பழக்கமான மாநிலம் நம்முடையது. 2004 செப்டம்பரில் இஸ்ரோ எஜுசாட்டை ஏவியது. விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளும் அதை முதலில் பயன்படுத்தியவற்றில் சேரும். நல்ல ஆசிரியரைப் பீதர் வரைக்கும் அது கொண்டுபோயிற்று. பக்கத்து பெஞ்சைக் கொண்டுபோகவில்லை. 2017ல் வந்த ஸ்வயம் அந்தக் குறையை உணர்ந்து, வீடியோ, பாடக் குறிப்பு, தேர்வு இவற்றோடு விவாத மேடையையும் நான்காவது காலாக வைத்தது. மேடை போட்டாயிற்று. அதில் என்ன பேசுவது, எப்போது ஆசிரியர் வாயை மூடிக்கொள்வது என்பது நம் தலையில்தான் விழுகிறது.

இனி நான் கோட்டைவிட்ட கதை. 2020 மார்ச்சில் கல்லூரிகளை மூடியதும் எல்லோரையும்போல நானும் ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினேன். முதல் நாள் ஒரு கேள்வி போட்டேன். வந்த பதில்கள்: "ஓகே மேம்", "தேங்க்யூ மேம்", கும்பிடும் கை, மறுபடி "ஓகே மேம்". ஐம்பதுக்கு மேல் எண்ணிவிட்டு நிறுத்தினேன். நடுவில் ஒருத்தன் உண்மையாகவே ஒரு சந்தேகம் கேட்டிருந்தான். அது கும்பிடும் கைகளுக்குள் புதைந்துபோயிற்று; நான் பார்த்தது நான்கு நாள் கழித்து. அதற்குள் குழுவில் பரீட்சைக் கட்டணச் சுற்றறிக்கை, யாருடைய பிறந்த நாளோ, ஒரு சாமி படம்.

இது நம் பிள்ளைகளின் கோளாறு என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு பிளாட்டோவின் கதையைப் படித்தேன். தத்துவ ஞானி அல்ல. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பாடம் சொல்லிக்கொடுக்கக் கட்டிய பெரிய கணினி அமைப்புக்கு அந்தப் பெயர். அதில் கோளாறு கண்டால் எழுதிவைக்க எல்லோருக்கும் பொதுவாக ஒரு கோப்பு இருந்தது. யார் வேண்டுமானாலும் எழுதலாம். யாருடைய வரியையும் யாரும் அழிக்கலாம். அடுத்தவன் பெயரில்கூட எழுதலாம். சத்திரத்துச் சுவர் மாதிரி. 1973ல், 17 வயதான டேவிட் வூலி என்ற மாணவனிடம் இதை ஒழுங்குபண்ணச் சொன்னார்கள். அவன் செய்தது எளிய காரியம். எழுதியவர் பெயரும் நேரமும் தானாகப் பதியும். ஒவ்வொரு விஷயமும் தனி. அதன் பதில்கள் அதன் கீழேயே வரிசையாக நிற்கும். இணைய விவாதம் என்று இன்று நாம் சொல்வதற்கு அதுதான் தாத்தா.

அந்த அளவில் பார்த்தால் நம் வாட்ஸ்அப் குழு 1973க்கு முந்தியது. எல்லாப் பேச்சும் ஒரே சாக்கடையில் ஓடுகிறது. குறிப்பிட்ட வரிக்குப் பதில் சொல்லும் வசதி உண்டு, யார் பயன்படுத்துகிறார்கள்? அறிவிப்புக்கு வாட்ஸ்அப் போதும். விவாதத்துக்குக் கேள்விக்குக் கேள்வி தனித் திண்ணை வேண்டும். எங்கள் கல்லூரியில் மூடுல் போட்டுக் கொடுத்தார்கள். இலவச மென்பொருள்; ஆஸ்திரேலியாக்காரர் மார்ட்டின் டூகியாமஸ் 2002ல் வெளியிட்டது. அவர் சிறு வயதில் பாலைவனக் குடியிருப்பு ஒன்றில், சிற்றலை வானொலி வழியே ஆசிரியரின் குரலைக் கேட்டுப் படித்தவர். தூரத்திலிருந்து படிப்பது என்றால் என்னவென்று தெரிந்த கை.

திண்ணை கிடைத்தது. யாரும் வந்து உட்காரவில்லை. மதிப்பெண் வைத்தேன்: இரண்டு பதிவுக்கு இன்டர்னலில் ஐந்து மார்க். உடனே வந்தார்கள். "நண்பர் சொன்னதை நான் ஒப்புக்கொள்கிறேன்", "அருமையான கருத்து". கடைசி நாள் ராத்திரி 11:58க்கு நாற்பது பேர் நாற்பது பேரை ஒப்புக்கொண்டார்கள். மார்க்குக்கு வரும் கூட்டம் மார்க் வாங்கிக்கொண்டு போய்விடும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பொருளாதாரம் நடத்துகிறேன் அல்லவா.

சரி, எப்போது நடந்தது என்று சொல்கிறேன். 2025 பிப்ரவரி 9ஆம் தேதி நம்ம மெட்ரோ கட்டணம் ஏறியது. அதிகபட்சம் 60 ரூபாயாக இருந்தது 90 ஆனது. ஊரே கொதித்தது. சில இடங்களுக்குக் கட்டணம் இரட்டிப்பாகிவிட்டது என்று சத்தம் எழுந்து, ஒரு வாரத்துக்குள் அவற்றில் கொஞ்சம் குறைத்தார்கள். எனக்கு அந்த வாரம் நடத்த வேண்டிய பாடம் தேவை நெகிழ்ச்சி. விலை ஏறினால் வாங்குவது எவ்வளவு குறையும் என்ற கணக்கு. புத்தகத்தில் உப்பும் கார்களும் உதாரணம். நான் உப்பை விட்டுவிட்டு மூடுலில் ஒரு கேள்வி மட்டும் போட்டேன்: கட்டணம் ஏறியபின் உங்கள் வீட்டில் யார் எப்படிப் பயணம் செய்கிறார்கள்? மெட்ரோவுக்கு வருமானம் கூடுமா, குறையுமா? மார்க் கிடையாது. எந்த மொழியிலும் எழுதலாம். வியாழக்கிழமை வகுப்பில் உங்கள் பதிவுகளை வைத்துத்தான் பாடம்.

முதல் நாள் ஒரே கோபம். கூட்டம் குறைந்துவிட்டது, மெட்ரோவுக்கு நஷ்டம்தான், நல்லா வேணும். பத்துப் பதினைந்து பேர் இதையே எழுதினார்கள். தப்பு. கை பரபரத்தது, திருத்தவில்லை. ஆசிரியராக நான் செய்ததிலேயே கஷ்டமான காரியம் அதுதான். இரண்டாம் நாள் ராத்திரி கடைசி பெஞ்சுப் பையன் ஒருத்தன், பாதி கன்னடத்தில், ஆங்கில எழுத்தில் தட்டியிருந்தான். 'மச்சா' என்று ஆரம்பம். பெங்களூரில் அந்தச் சொல் எல்லா மொழிக்கும் பொது. 100 பேர் ஆளுக்கு 10 ரூபாய் கொடுத்தால் 1,000. கட்டணம் 15 ஆகி, 10 பேர் போய்விட்டால், 90 பெருக்கல் 15, 1,350. கூட்டம் குறைந்தாலும் காசு கூடுதே? அவ்வளவுதான் பதிவு. உடனே இன்னொருத்தி: 10 பேர் போவதற்குப் பதில் 40 பேர் போனால்? 60 பெருக்கல் 15, 900. அப்போது நஷ்டம். ஆக, எத்தனை பேர் போவார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நான் இரண்டு பீரியட் எடுத்துக் கரும்பலகையில் வளைகோடு வரைந்து சொல்ல வேண்டியதை அவர்கள் நான்கு வரியில் முடித்துவிட்டார்கள்.

அன்று ராத்திரி பத்து மணிக்கு அருகில் ஒரு பதிவு வந்தது. தங்கவயல் பெண். தங்கிலீஷில்தான் எழுதியிருந்தாள், சாரம் இது. தான் மெஜஸ்டிக்கிலிருந்து மெட்ரோவில் வருவதை நிறுத்திவிட்டாள். பிஎம்டிசி பஸ்ஸில் அவளுக்குக் காசில்லை. 2023 ஜூனிலிருந்து சக்தி திட்டத்தில் பெண்களுக்குச் சாதாரணப் பஸ் இலவசம் அல்லவா. அண்ணனுக்குப் பீன்யாவில் வேலை. அவனுக்குப் பஸ்ஸும் காசு, மெட்ரோவும் காசு, நேரத்துக்குப் போகாவிட்டால் சம்பளத்தில் பிடிப்பார்கள். அவன் திட்டிக்கொண்டே மெட்ரோவில் போகிறான். எங்கள் வீட்டிலேயே இரண்டு நெகிழ்ச்சி இருக்கிறதே மேம், நீங்கள் ஊருக்கே ஒன்று என்கிறீர்களே?

இருபது வருஷமாக நெகிழ்ச்சி நடத்துகிறேன். மாற்றுப் பொருள் இருந்தால் நெகிழ்ச்சி கூடும் என்று எழுதிப்போட்டிருக்கிறேன். ஒரே வீட்டில், ஒரே பாதையில், அண்ணனுக்கு இல்லாத மாற்று தங்கைக்கு இருக்கிறது என்று எனக்குத் தோன்றியதில்லை. அதன் கீழேயே பேயிங் கெஸ்ட் விடுதியில் தங்கியிருக்கும் ஒருத்தன் எழுதினான்: மெட்ரோ ஸ்டேஷன் பக்கத்தில் அட்வான்ஸ் கொடுத்து ரூம் எடுத்துவிட்டேன், இப்போது மாற முடியாது, அக்ரிமெண்ட் முடிந்ததும் கல்லூரிப் பக்கமே போய்விடுவேன். குறுகிய காலம், நீண்ட காலம் என்று நாம் தலைப்புப் போட்டு நடத்துகிறோமே, அது ரூம் அட்வான்ஸ் உருவத்தில் வந்து நின்றது.

வியாழக்கிழமை அந்தப் பதிவுகளைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனேன். பெயர் சொல்லலாமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டேன். தங்கவயல் பெண் எழுந்து நின்று தன் பதிவைப் படித்தாள். குரல் கொஞ்சம் நடுங்கியது. ஆனால் அண்ணனைப் பற்றி ஒருத்தன் மடக்கியபோது உட்காராமல் பதில் சொன்னாள்.

எல்லாவற்றிலும் நான் இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். இணையத்தில் நடந்த பேச்சு மறுநாள் வகுப்புக்குத் திரும்பி வர வேண்டும். வராவிட்டால் பிள்ளைகள் மோப்பம் பிடித்துவிடுவார்கள். மேம் படிப்பதில்லை, சும்மா போடச் சொல்கிறார் என்று. மார்க் இழுக்காத கூட்டத்தை, நாளை என் பதிவை வைத்துப் பாடம் நடக்கும் என்ற நினைப்பு இழுக்கிறது. அதேபோல, எழுதாமல் படித்துவிட்டு மட்டும் போகிறவர்களை நான் தண்டிப்பதில்லை. இணையக் கூட்டங்களில் நூற்றுக்கு 90 பேர் படிக்க மட்டும் வருகிறார்கள் என்று ஜேக்கப் நீல்சன் 2006ல் ஒரு பொது விதியாகச் சொன்னார். திண்ணைப் பேச்சிலும் அப்படித்தானே. பேசுவது மூன்று பேர், தூணில் சாய்ந்து கேட்பது ஊர்.

பெயரை மறைப்பது பற்றிக் கேட்பீர்கள். ஒரு வருஷம் நான் எல்லோருக்கும் முழு முகமூடி கொடுத்துப் பார்த்தேன். யார் எழுதியது என்று எனக்கும் தெரியாது. ஒரே வாரத்தில், வடகிழக்கிலிருந்து வந்து படிக்கும் ஒரு பெண்ணின் உச்சரிப்பைக் கிண்டல் செய்து ஒருத்தன் எழுதினான். நான் பார்த்து அழிப்பதற்குள் அரை நாள் ஓடிவிட்டது. ஸ்க்ரீன்ஷாட் அதற்குள் கல்லூரியைச் சுற்றிவிட்டது. அந்தப் பெண் அந்தப் பக்கமே திரும்பவில்லை. தவறு அவனுடையது மட்டும் அல்ல, கதவைத் திறந்து வைத்துவிட்டுக் காவல் இல்லாமல் போன என்னுடையதும்தான். இப்போது சக மாணவர்களுக்குப் பெயர் தெரியாது, எனக்குத் தெரியும். அது முதல் நாளே அவர்களுக்கும் தெரியும்.

இன்னொரு வம்பு, 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு. திடீரென்று எல்லோரும் தெளிவாக எழுத ஆரம்பித்தார்கள். மூன்று பத்தி, நடுவில் ஒரு "எனினும்", முடிவில் சமநிலை. படித்தால் பல்லில் ஒட்டாது. இயந்திரம் மாணவர் குழுவில் நுழைவது புதிதும் அல்ல. 2016ல் ஜார்ஜியா டெக்கில் அசோக் கோயல் என்ற பேராசிரியர், செமஸ்டருக்குப் பத்தாயிரம் அளவில் பதிவுகள் வந்து குவிகிற தன் இணைய வகுப்பில், ஜில் வாட்சன் என்ற பெயரில் ஒரு நிரலை உதவி ஆசிரியராக வைத்தார். அது மனுஷி இல்லை என்று கடைசியில்தான் மாணவர்களுக்குச் சொன்னார். கெடு தேதி எப்போது, கோப்பை எப்படி அனுப்புவது போன்ற கேள்விகளுக்கு அப்படி ஒரு ஆள் எனக்கும் கிடைத்தால் கும்பிட்டு வைத்துக்கொள்வேன். ஆனால் அண்ணனுக்குப் பீன்யாவில் சம்பளம் பிடிப்பார்கள் என்பது எந்த இயந்திரத்துக்கும் தெரியாது. அதனால் என் கேள்விகளை மாற்றிக்கொண்டேன். உன் தெருவில் பார்த்தது, உன் கையில் இருக்கும் பில், நேற்று கே.ஆர். மார்க்கெட்டில் கேட்ட விலை. இயந்திரத்தைக் கேட்டுவிட்டு வரலாம். கேட்டதைச் சொல்லிவிட்டு, அது எங்கே உன் தெருவுக்குப் பொருந்தவில்லை என்று எழுது என்கிறேன்.

நேரம்? நியாயமான கேள்வி. முன் வரிசையில் ஒருவர் கடிகாரத்தைக் காட்டிக் கேட்கிறார். என் பேச்சைச் சொல்கிறாரோ என்று பயந்தேன். தினமும் அரை மணி படிக்கிறேன். ராத்திரி ஒன்பதுக்கு மேல் பதில் எழுதுவதில்லை. இந்த அரை மணி அந்த 16 மணி நேரக் கணக்கில் வராது. நிரந்தர வேலையில் இருக்கும் நான் பொறுத்துக்கொள்ளலாம். நம் அரசுக் கல்லூரிகளைத் தாங்கிக்கொண்டிருக்கும் அதிதி உபன்யாசகர்களிடம், அதாவது கௌரவ விரிவுரையாளர்களிடம், இதையும் செய்யுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. கூலி இல்லாத வேலையைப் புதுமை என்று பெயர் சூட்டித் தள்ளிவிடுவது நம் துறையின் பழைய வழக்கம். வேலைக் கணக்கில் வாரம் இரண்டு மணி இதற்கென்று எழுதுங்கள், பிறகு பேசலாம்.

ஒரு சிறு எச்சரிக்கை. பிரதி எடுத்து வையுங்கள். ஆர்குட் 2014ல் போயிற்று, யாகூ குழுக்கள் 2020 டிசம்பரில் போயின. எத்தனையோ பேருடைய பேச்சு அதோடு போயிற்று. நான் செமஸ்டர் முடிந்ததும் நல்ல விவாத இழைகளைப் பிரிண்ட் போட்டு பைண்டு செய்துவிடுகிறேன். துறை அலமாரியில் நாலு கட்டு இருக்கிறது.

அந்த மெட்ரோ இழையை நான் மூடவில்லை. மறந்துபோனேன் என்பது நிஜம். 2025 ஆகஸ்ட் 10ஆம் தேதி ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரைக்கும் மஞ்சள் தடம் திறந்தது. இரண்டு நாள் கழித்து அதே இழையில் ஒரு புதுப் பதிவு. எழுதியவன் அந்த 1,350 பையன். தேறிப்போய் எலக்ட்ரானிக் சிட்டியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். அவன் மூடுல் கணக்கை யாரும் அழிக்கவில்லை போலிருக்கிறது. சில்க் போர்டில் நெரிசல் தினம் தின்ற நேரம் மிச்சமாகிறது, இப்போது 90 கேட்டாலும் கொடுப்பேன் மச்சா, என் நெகிழ்ச்சி மாறிவிட்டது என்று எழுதியிருந்தான். கீழே, அவனை ஒருமுறையும் பார்த்திராத இரண்டாம் ஆண்டுப் பெண் ஒருத்தி கேட்டிருந்தாள்: மாறியது நெகிழ்ச்சியா, உங்கள் சம்பளமா?

இன்னும் பதில் வரவில்லை. நானும் எழுதவில்லை.